பெருசுன்னா வெளியே, சிறுசுன்னா உள்ளே

என் மகளுக்கு நிரந்தர வேலை கிடைக்காமல் போனதற்குக் காரணம், x² என்பதற்கு முன்னால் நின்ற ஒரு மைனஸ் குறி. இதைச் சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். விளாங்குடியில் என்னோடு காலை நடைக்கு வருகிற ஓய்வூதியக்காரர்கள் இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. எடுத்தால் நான் குச்சியைப் பொறுக்கி மண்ணில் எண்கோடு போட்டுவிடுவேன் என்று பயம்.

நான் கல்வி அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தது முதுகலைக் கணிதம், செய்தது கோப்பு வேலை. ஒரு மனு எந்த மேசையில் படுத்துத் தூங்கும், எந்த விதியைக் காட்டினால் எழுந்து நடக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நண்பர்களின் பிள்ளைகளுக்கு மாறுதல், ஊக்க ஊதியம், பணிவரன்முறை என்று எத்தனையோ மனுக்கள் எழுதிக் கொடுத்து நடக்க வைத்திருக்கிறேன். என் மகளுக்காக எழுதியது ஒரே ஒரு மனு. அதுவும் நடந்தது. நடந்து போய்ச் சேர்ந்த இடம்தான் சரியில்லை.

மகளும் மருமகனும் எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறார்கள். திருப்பரங்குன்றம் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் அவள் தற்காலிகக் கணித ஆசிரியை. ஏப்ரல் மாதம் பணியிலிருந்து விடுவிப்பார்கள், ஜூன் மாதம் மறுபடி எடுப்பார்கள். நடுவில் அந்த இடைவெளியை விடுவதே, பின்னால் யாரும் தொடர்ந்து வேலை பார்த்ததாக உரிமை கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான். தற்காலிகம் என்கிற சொல்லுக்கு அரசாங்கத்தில் ஓர் அர்த்தம், அகராதியில் ஓர் அர்த்தம். அவள் அரசாங்க அர்த்தத்தில் பல வருடங்களாகத் தற்காலிகம்.

நிரந்தரக் கணித ஆசிரியர் ஓய்வு பெற்ற காலியிடத்தில்தான் அத்தனை வருடமும் அவளை வைத்து ஓட்டினார்கள். அந்த ஒரு இடத்தை நிரந்தரமாக நிரப்பிக்கொள்ள நிர்வாகத்துக்கு ஒரு வழியாக அனுமதி வந்தது. எழுத்துத் தேர்வு வைத்து, முதலில் வருகிறவருக்கே வேலை என்று அறிவித்தார்கள். கை நீட்டாத நிர்வாகம் அது. இதை நான் பாராட்டாகத்தான் சொல்ல வேண்டும். ஆனால் கை நீட்டுகிறவர்களாக இருந்திருந்தால் திட்டுவதற்கு வசதியாக இருந்திருக்கும். அவர்கள் விதிப்படி அடுத்த வருடம் என் மகள் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். ஆக இந்தத் தேர்வுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வினாத்தாள் தயாரித்தவர் என் கல்லூரித் தோழர். தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்று, மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் பயிற்சி மையம் நடத்துகிறார். கல்லூரியில் நாங்கள் ஒரு தேற்றத்தை நிரூபிக்க இரண்டு பக்கம் எழுதினால், அவர் நாலு வரியில் முடித்துவிட்டுக் கேன்டீனுக்குப் போய்விடுவார். அந்த நாலு வரி சில சமயம் சரியாகவும் இருக்கும். குறுக்குவழியில் அவருக்கு இருந்த பக்தி வயதானபோது ஒரு மதமாகவே ஆகிவிட்டது. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிற பட்டதாரிகள் அவருடைய அடியார்கள்.

இருபடி அசமன்பாட்டுக்கு அவர் வைத்திருக்கும் மந்திரம் மையத்தின் சுவரிலேயே பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது: பெருசுன்னா வெளியே, சிறுசுன்னா உள்ளே. அதாவது, ஓர் இருபடிக் கோவை பூஜ்யத்தைவிடப் பெரியது என்று கொடுத்திருந்தால், அதைப் பூஜ்யமாக்கும் எண்களான மூலங்கள் இரண்டையும் கண்டுபிடித்து அவற்றுக்கு வெளிப்பக்கத்தை விடையாகப் போடு. சிறியது என்றால் இரண்டுக்கும் நடுவே உள்ளதைப் போடு. கணிதம் மறந்துபோனவர்களுக்கும் புரியும். இதில் தவறும் இல்லை, x² இன் கெழு, அதாவது அதற்கு முன்னால் நிற்கும் எண், பிளஸாக இருக்கும்வரை. அது மைனஸாக இருந்தால் எல்லாம் தலைகீழ். முதலில் இரு பக்கத்தையும் மைனஸ் ஒன்றால் பெருக்கி, பெரிது என்பதைச் சிறிதாகத் திருப்பிவிட்டுத்தான் மந்திரத்தைச் சொல்ல வேண்டும். இந்த நிபந்தனை சுவரில் இல்லை. நிபந்தனைக்குச் சந்தம் அமையவில்லை போலிருக்கிறது.

தேர்வில் அவர் கேட்டிருந்த வினா, −x² + 7x − 10 > 0 என்பதன் தீர்வு. மூலங்கள் இரண்டும் ஐந்தும். விடை (அ) இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவே. விடை (ஆ) இரண்டுக்குக் கீழே அல்லது ஐந்துக்கு மேலே. மற்ற இரண்டும் இடத்தை அடைக்க.

தேர்வு முடிந்து மகளை அழைத்துவரப் பள்ளி வாசலில் நின்றிருந்தேன். அவளோடு பேசிக்கொண்டே ஓர் இளைஞர் வெளியே வந்தார். நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவர். என் தோழருடைய மையத்தில் படித்தவராம்.

"அக்கா, அந்த அசமன்பாடு என்ன போட்டீக?"

"உள்ள போட்டேன்."

"ஐயோ அக்கா, பெருசுன்னா வெளிய! அது ஈசியான மார்க்காச்சே. விட்டுட்டீகளே."

"முன்னாடி மைனஸ் இருந்துச்சே, பாக்கலையா?"

"மைனஸ் இருந்தா என்னக்கா, மூலம் மாறவா போகுது?" என்று அவர் உண்மையாகவே பரிதாபப்பட்டுவிட்டுப் போனார்.

மகள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஒரு பிழையைத் தனி ஆள் செய்தால் அது பிழை. ஒரு மையமே செய்தால் விடைக்குறிப்பும் அப்படித்தான் வரும்.

வந்தது. விடைக்குறிப்பை முதலில் வெளியிட்டு, ஆட்சேபணைக்கு அவகாசம் கொடுத்து, அதன் பிறகே தாள் திருத்த வேண்டும் என்பது எந்தத் தேர்வுக்கும் பொதுவான நடைமுறை. இவர்கள் விடைக்குறிப்பையும் தரவரிசையையும் ஒரே நாளில், ஒரே பலகையில், ஒரே பசையில் ஒட்டினார்கள். அந்த வினாவுக்கு விடை (ஆ). தரவரிசையில் முதல் இடம் அந்த இளைஞருக்கு. இரண்டாம் இடம் என் மகளுக்கு. இடையில் ஒரே ஒரு மதிப்பெண். சரியான விடையை வைத்துத் திருத்தியிருந்தால் அவருக்கு ஒன்று குறைந்து, இவளுக்கு ஒன்று கூடி, இவள் ஒரு மதிப்பெண் முன்னால் நின்றிருப்பாள்.

அன்றைக்கே ஆட்சேபணை மனு எழுத உட்கார்ந்தேன். பொருள், பார்வை, இணைப்புகள். இணைப்பில் அரசுப் பாடநூலின் பக்கம் ஒளிநகல் எடுத்து, தொடர்புடைய வரியின் கீழ்க் கோடிட்டு. வரைபடத்தாளில் பரவளையம் வரைந்து, அது கவிழ்ந்திருப்பதை அம்புக்குறியிட்டு. மூன்று என்ற எண்ணைப் பிரதியிட்டுச் சரிபார்த்த தாள் தனியாக. எல்லாம் இரண்டு படிகள், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்க.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஒரு கணக்கு தப்புன்னு சொல்றதுக்கு எதுக்கு இம்புட்டு சோடனை? நேரா போயி அந்த மனுசன்கிட்ட கேட்டா ஆகாதா?"

"வாயால கேட்டா வாயாலதான் பதில் வரும்" என்றேன்.

"எழுதிக் கேட்டா மட்டும் தங்கத்துல வருமாக்கும்."

மனுவைக் கொடுத்த வாரத்துச் சனிக்கிழமை காலையில் நிர்வாகத்தின் செயலாளர் கூப்பிட்டு அனுப்பினார். மேற்கே தோட்டமும் ஊருக்குள் உரக்கடையும் உள்ளவர். வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு என்றால் அந்தப் பக்கத்தில் அவர் குடும்பத்து ஆட்களைக் கூப்பிட்டுத்தான் உட்கார வைப்பார்கள். அவர் பேசி முடித்தால் இரண்டு தரப்பும் ஒன்றாக டீ குடித்துவிட்டுப் போகும் என்று பெயர். பள்ளி அலுவலக அறையில் அவரும் என் தோழரும் இருந்தார்கள். நானும் மகளும் போனோம்.

"வாங்கண்ணே. வா தாயி, உக்காரு. காபி சொல்லட்டா?"

தோழர் என்னைப் பார்த்து, "என்ன மாப்ள, ரிட்டயர் ஆயும் பெட்டிசன் எழுதுற கை சும்மா இருக்க மாட்டேங்குதா?" என்றார்.

"உனக்குத் தப்பாப் போடுற கை சும்மா இருக்க மாட்டேங்குதே மாப்ள."

செயலாளர் சிரித்தார். சமாதானத்துக்கு நல்ல தொடக்கம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

அறையில் அன்றைய வருகைக் கணக்கு எழுதும் வெள்ளைப் பலகை ஒன்று இருந்தது. மகள் அதன் ஓரத்தை அழித்துவிட்டுக் கணக்கை எழுதினாள். காரணிப்படுத்தினாள். −(x − 2)(x − 5) > 0.

"பாத்தீங்களா" என்றார் தோழர், செயலாளரிடம். "மூலம் ரெண்டு, அஞ்சு. அதுல பாப்பாவுக்கும் எனக்கும் சண்டையே இல்ல. பெருசுன்னா வெளிய. முடிஞ்சு போச்சு."

"முன்னாடி மைனஸ் நிக்கிது சார்."

"நிக்கட்டும் பாப்பா. அதுனால மூலம் மாறுதா?"

"மூலம் மாறல சார். பக்கம் மாறுது. ஒரு எண்ணப் போட்டுப் பாருங்களேன். மூணு போடுங்க."

"எண்ணப் போட்டுப் பாக்குறதெல்லாம் ஒம்போதாங்கிளாஸ் பசங்க வேலை. நாம முறைப்படி போகணும்."

கணிதத்தில் நாற்பது வருடம் பழுத்த ஒருவர், ஒரு விடையைச் சரிபார்ப்பதை இழுக்காகச் சொன்னதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். செயலாளருக்கு அந்த இழுக்கு எதுவும் இல்லை. அவர் செல்போனில் கால்குலேட்டரைத் திறந்து, "சொல்லு தாயி, மூணு எங்க வருது? உள்ளயா, வெளியவா?" என்றார்.

"உள்ள சார். ரெண்டுக்கும் அஞ்சுக்கும் நடுவுல. மைனஸ் ஒம்போது, கூட்டல் இருவத்தொண்ணு, கழித்தல் பத்து."

"ரெண்டு வருது. ரெண்டு பூஜ்யத்தவிடப் பெருசுதான?"

"இருங்க, இருங்க" என்றார் தோழர். "ஒம்போதுக்கு முன்னால ஏன் மைனஸ் போடுறீங்க? மைனசையும் சேத்துல்ல வர்க்கம் பண்ணணும்? அது பிளஸ் ஒம்போது ஆயிரும்."

"அப்பிடிப் போடக்கூடாது சார். போட்டாலும் இருவது வரும். இருவதும் பூஜ்யத்தவிடப் பெருசுதான்."

செயலாளர் தானாகவே அடுத்த எண்ணுக்குப் போனார். "வெளிய இருக்குற ஒரு எண்ணப் போடுவோம். ஆறு. மைனஸ் முப்பத்தாறு, நாப்பத்தி ரெண்டு, பத்தக் கழிச்சா… மைனஸ் நாலு. இது பூஜ்யத்தவிடச் சிறுசுல்ல வருது?"

தோழர் காபியைக் கையில் எடுத்தார். ஆறிப்போயிருந்தது, இருந்தாலும் முழுவதையும் குடித்தார். பிறகு, "எங்கிட்டப் படிச்ச அம்புட்டுப் பேரும் வெளியன்னுதான் போட்டுருப்பாக. அத்தனை பேரும் தப்பா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.

செயலாளர் எழுந்து அவரைத் தோளோடு அணைத்து வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். கண்ணாடி வழியாக அவர்கள் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. மகள் பலகையில் எழுதியதை அழிக்காமல் அதன் பக்கத்திலேயே நின்றாள். அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த நம்பிக்கையை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். உரக்கடைக்காரர் கண்ணெதிரே கால்குலேட்டர் சொல்லிவிட்டது. இனி என்ன இருக்கிறது?

திரும்பி வந்த செயலாளர் உட்காரவில்லை. நின்றபடியே பேசினார்.

"அண்ணே, நான் ஒளிவுமறைவு இல்லாமப் பேசுறேன். பாப்பா சொல்றதுலதான் ஞாயம் இருக்கு. ஆனா சாரு நம்ம நிர்வாகத் தலைவருக்கே பாடம் எடுத்தவரு. இத்தன வருசமா ஒத்தக் காசு வாங்காம நமக்குக் கேள்வித்தாள் எடுத்துக் குடுக்குறாரு. அவரு போட்டது தப்புன்னு போர்டுல ஒட்டுனா அந்த மனுசன் மாட்டுத்தாவணியில எப்பிடிக் கடை தொறப்பாரு? அதனால அந்த வினா தெளிவா இல்லன்னு போட்டுருவோம். எழுதுன எல்லாத்துக்கும் ஒரு மார்க்கு சேத்துருவோம். யாரும் தோத்தவுக இல்ல."

"தெளிவா இல்லையா? அதுல எது தெளிவா இல்ல?" என்றேன். "விடையை மாத்துங்க. தாளை மறுபடி திருத்துங்க. அதான் முறை."

"தாளெல்லாம் கட்டி சீல் வச்சாச்சுண்ணே. முடிவு ஒட்டுன பெறகு சீலைப் பிரிக்கக் கூடாதுன்னு ரூல் உண்டா இல்லையா? நீங்களே சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

உண்டு. நல்ல விதி அது. முடிவு தெரிந்த பிறகு யாரும் உள்ளே கைவிட்டு விடைத்தாளை மாற்றிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. நீதிமன்றம் சொன்னாலொழிய பிரிக்கக் கூடாது. அவர் என்னிடம் அதைச் சட்டம் பேசுவதற்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் உண்டு என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப மொத்த மார்க்கோடதான் சேக்க முடியும்" என்றார். "தாளத் தொட முடியாதுல்ல. எல்லாருக்கும் ஒண்ணு."

மகள்தான் மெதுவாகக் கேட்டாள். "எல்லாருக்கும் ஒண்ணு கூட்டுனா, வித்தியாசம் அப்பிடியேதான சார் இருக்கும்?"

"அப்ப யாருக்கும் நட்டமில்லையில்ல தாயி?" என்றார் செயலாளர். முகமெல்லாம் மலர்ச்சி. அவர் பொய் சொல்லவில்லை. நடிக்கவும் இல்லை. ஒரு வாய்க்கால் தகராறை முடித்த நிறைவு அவருக்கு இருந்தது. இரண்டு தரப்புக்கும் சமமாகத் தண்ணீர் விட்டுவிட்டார். ஒரு வயல் ஏற்கெனவே முழங்கால் தண்ணீரில் நின்றதும் மற்றது வெடித்துக் கிடந்ததும் அவருடைய கணக்கில் வரவில்லை.

அசமன்பாட்டின் இரு பக்கமும் ஒரே எண்ணைக் கூட்டினால் குறி மாறாது. பாடத்தின் முதல் பக்கத்தில் இருக்கிற விதி இது, எந்த நிபந்தனையும் இல்லாத ஒரே விதி. என் தோழருக்கு அது நன்றாகத் தெரியும். அவர் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தவறாகப் போட்டவருக்குத் தவறுக்காக ஒரு மதிப்பெண்ணும், தெளிவின்மைக்காக இன்னொரு மதிப்பெண்ணும் கிடைத்தது. சரியாகப் போட்டவளுக்குத் தெளிவின்மைக்கான ஒன்று மட்டும்.

வீட்டுக்குத் திரும்பும்போது மகள் வண்டி ஓட்டினாள், நான் பின்னால். வழியில் ஒரு கரும்புச்சாறு வண்டியில் நிறுத்தச் சொன்னேன்.

"ஐகோர்ட்டுக் கிளை ஊருக்குள்ளதான இருக்கு. ரிட் போட்டு சீலைப் பிரிக்க வச்சிருவோம்" என்றேன்.

"எம்புட்டு நாள் ஆகும்ப்பா?"

எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும்.

"வயசு தாண்டிரும். அது போக, கேஸ் போட்ட டீச்சருன்னு பேரு நிக்கும். எந்த ஸ்கூல்லயும் கூப்புட மாட்டாக. விடுங்கப்பா."

"பணி நியமன ஒப்புதல் வரும்போது கல்வி அலுவலகத்துல ஒரு ஆட்சேபணை…"

"அங்க என்ன பதில் வரும்?"

நிர்வாகத்தின் உள்நடைமுறை தொடர்பான பொருள் என்பதால் இவ்வலுவலகம் தலையிட இயலாது. அந்த வாக்கியத்தை எந்த எழுத்தர் எழுதுவார், எந்த மேசையில் கையெழுத்தாகும் என்பது வரை எனக்குத் தெரியும். கரும்புச்சாறைக் குடித்தேன். இஞ்சி கூடுதலாக இருந்தது.

ஜூன் மாதம் அந்த இளைஞர் பணியில் சேர்ந்தார். நிரந்தர ஆள் வந்துவிட்டால் தற்காலிக ஆளை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை, அதுவும் விதிதான். சேர்ந்த சில நாட்களில் அவர் மகளுக்குப் போன் செய்தார். பதினோராம் வகுப்புக்கு அவள் எழுதி வைத்திருந்த பாடக்குறிப்புகள் கிடைக்குமா அக்கா என்று. அவள் கொடுத்துவிட்டாள். எனக்குத் தெரிந்து அதற்கு எந்த விதியும் இல்லை.

அதற்குப் பிறகு என் தோழரும் போன் செய்தார்.

"மாப்ள, கோவத்த விடு. பிள்ளைய எங்கிட்ட அனுப்பு. கணக்குத் தெரிஞ்ச ஆளு எனக்கு வேணும்."

"உனக்கு எதுக்குடா கணக்குத் தெரிஞ்ச ஆளு?" என்று கேட்டுவிட்டு வைத்தேன். மகள் பக்கத்தில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னது அவளுக்கும் கேட்டிருக்கிறது. அடுத்த திங்கட்கிழமை அவளே மாட்டுத்தாவணிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டு வந்தாள்.

நான் சத்தம் போட்டேன். மானம், ரோஷம் என்றெல்லாம் பேசினேன். என் மனைவிதான் குறுக்கே வந்தாள். "அவ போகட்டும். நீங்க உங்க ரூல் புக்கக் கட்டிக்கிட்டு அழுங்க."

இப்போது அவள் அந்த மாடியில்தான் பாடம் எடுக்கிறாள். சுவரில் மந்திரம் அப்படியே இருக்கிறதாம். தோழர் அவளை மிகவும் மரியாதையாக நடத்துகிறாராம், டீ வாங்கி வரச் சொல்வதில்லையாம். நான் அவரோடு பேசுவதில்லை. அவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தது, போகவில்லை.

போன வாரம் அவள் மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அந்தப் பாடம் வந்துச்சா?"

"வந்துச்சுப்பா."

"என்ன சொல்லிக்குடுத்த?"

"முதல்ல முன்னாடி இருக்குற குறியப் பாருங்க. அப்புறம் உள்ளயா, வெளியவான்னு முடிவு பண்ணுங்கன்னு சொன்னேன். மூணு போட்டு, ஆறு போட்டுக் காமிச்சேன்."

"ஏத்துக்கிட்டாகளா?"

"ஒரு பொண்ணு கேட்டுச்சு. மிஸ், இது சரி, பரீட்சையில எதக் குறிக்கணும்னு."

"நீ என்ன சொன்ன?"

"கேள்வித்தாளு யாரு எடுக்குறாருன்னு விசாரிச்சுக்கிட்டுப் போங்கன்னேன்."

சிரிப்பாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. அவள் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "வாரேன்ப்பா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.